லிப்டுக்காரர் சுற்றிக் காட்டிய ஊர்

லிப்டு ரிப்பேர் செய்கிறவர்களில் கையால் செய்கிறவர்கள் உண்டு, வாயால் செய்கிறவர்களும் உண்டு. நம் லிப்டுக்காரர் இரண்டிலும் சூரர். கை ஒரு திருகைக் கழற்றி முடிப்பதற்குள் வாய் ஒன்பது மாடி ஏறி இறங்கிவிடும். நாற்பத்தொன்பது வயது. ஆள் கயிறு கனம்தான், ஆனால் காது இரண்டும் முறம். அந்தக் காதை லிப்டுக் கதவில் வைத்தாரென்றால், உள்ளே எந்தப் பல்லுக்கு வலி, எந்த மூட்டுக்கு வாயு என்று டாக்டரை முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். படிப்பைக் கேட்டால், ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பி வைத்தது. முப்பது வருஷமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே தூக்கிவிடுகிற மனிதர் வீட்டில் ஏறுவதற்கு இருப்பது ஒரு முக்காலி. அதிலும் ஒரு கால் ஆட்டம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி அவரை ஒரு வாரம் பெரிய ஊருக்கு அனுப்பும். பதினோரு வருஷமாக அனுப்புகிறது. அத்தனை தடவை போனவருக்கு அந்த ஊர் உள்ளங்கை ரேகை மாதிரி என்றுதானே நினைப்பீர்கள்? அவருக்குத் தெரிந்தது நாலே இடம். ரயிலடி, லாட்ஜ், லிப்டுக் குழி, மோட்டார் ரூம். காலையில் ரயிலை விட்டு இறங்கினால் நேரே குழி. கட்டடத்தின் அடிவயிற்றில், ஊரில் உள்ளவர்கள் கதவு இடுக்கில் நழுவவிட்ட சாவி, பல் உடைந்த சீப்பு, ஒற்றைத் தோடு, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் அங்கேதான் வந்து குடியிருக்கும். அதையெல்லாம் பெருக்கித் தள்ளுவதற்குள் மத்தியானம். அப்புறம் உச்சியில் மோட்டார் ரூம். சாயந்திரம் லாட்ஜ். அந்த லாட்ஜுக் கட்டில் படுத்தால் அழும், புரண்டால் சிரிக்கும், எழுந்தால் வழியனுப்பி விசில் அடிக்கும்.

முதல் தடவை வீடு திரும்பிய அன்று, அவர் மனைவி கண்ணெல்லாம் ஆசையாக, "அங்க என்னங்க பாத்தீங்க?" என்று கேட்டாள். அவர் பார்த்தது குழிக்குள் வெடித்துப் பீச்சியடித்த ஒரு தண்ணீர்க் குழாய். அரைமணி நேரம் அதில் நனைந்துகொண்டு நின்றிருந்தார். அதை எப்படி ஒரு மனைவியிடம் சொல்வது? "ஏரி நடுவுல ஒரு நீரூற்று. சும்மா இல்ல, பாட்டுக்கு ஆடுது," என்றார். அவள் முகத்தில் நூறு பல்பு எரிந்தது. அதோடு போயிற்று அவருடைய நிம்மதி. அடுத்த தடவை, சரக்கு லிப்டில் தலையில்லாமல் நின்றிருந்த துணிக்கடைப் பொம்மைகள் "உயிருள்ள மாதிரியே நிக்குற மெழுகு ஆளுங்க" ஆயின. குழியில் செத்துக் கிடந்த எலி கண்ணாடித் தொட்டியில் ஆள் உயர மீனாகப் பதவி உயர்வு பெற்றது. உச்சி மட்டும் அவருக்கு நிஜமாகவே சொந்தம். ஊரிலேயே உயரமான இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில்தான் அவருடைய மோட்டார் ரூம். "அங்க நின்னு பாத்தா மனுஷன் எறும்பு, பஸ்ஸு தீப்பெட்டி," என்று பதினோரு வருஷமாக ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி அந்தக் கதைகளைச் சும்மா வைத்திருக்கவில்லை. அவளுக்கு ஒரு தங்கை. தங்கைக்குச் சொந்த வீடு, இரண்டு கதவுள்ள பிரிட்ஜ், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் புருஷன். அக்காவிடம் இருந்தது ஆட்ட முக்காலியும் இந்தப் பெரிய ஊரும்தான். தங்கை பிரிட்ஜைத் திறந்து காட்டினால் அக்கா நீரூற்றைத் திறந்து விடுவாள். தங்கை சோபாவை மாற்றினால் அக்கா மீனை இன்னும் அரையடி வளர்த்துவிடுவாள்.

தங்கையின் புருஷன், அதாவது நம் லிப்டுக்காரரின் சகலை, இருக்கிறாரே, அவருக்கு ஊரில் பெயர் டிக்கு. ஆபீசில் மற்றவர்கள் எழுதி வைத்த தாளைச் சரிபார்த்து ஓரத்தில் டிக் போடுவது அவர் உத்தியோகம். இருபது வருஷத்தில் சொந்தமாக ஒரு வரி எழுதினவரில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில், காதோரம் ஒரு உபரி. வெயில் அடித்தால்கூட அதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று வானத்தைப் பார்க்கிற ஜாதி.

தங்கை ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டாள். நலம் விசாரிக்கப் போன இடத்தில்தான் வினை வந்தது. டிக்குவுக்குப் பெரிய ஊரில் ஒரு நாள் பயிற்சியாம். அதே வாரம் லிப்டுக்காரருக்கும் அங்கே வேலை. தங்கை தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு நாள் அக்கா சொன்னதையெல்லாம் ஒரு கோடு போட்ட தாளில் எழுதினாள். நீரூற்று, மீன், மெழுகு ஆள், உச்சி. எதிரே இரண்டு கட்டம்: உண்டு, இல்லை.

"நான்தான் வரமுடியல. நீங்களாவது எல்லாத்தையும் பாத்து டிக் போட்டுட்டு வாங்க," என்று புருஷனிடம் நீட்டினாள். அப்புறம் லிப்டுக்காரரைப் பார்த்து, "அத்தான் கூட இருக்கும்போது என்ன கவலை," என்று ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் காய்கறி நறுக்கலாம்.

அக்காவும் விடவில்லை. நானும் வருகிறேன், என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். லிப்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பதினைந்தாவது மாடியில் கயிறு அறுந்தால்கூடப் பிடிப்பதற்கு அடியில் பிரேக் உண்டு. இதற்கு என்ன உண்டு?

டிக்குவின் பயிற்சி முடிந்த மறுநாள், சனிக்கிழமை விடிந்ததும், மனைவி எழுந்திருப்பதற்குள் அவர் பூனை மாதிரி இறங்கி லாட்ஜ் மேனேஜரிடம் போனார். முப்பது வருஷமாக அதே நாற்காலியில் முளைத்திருக்கிற ஆள். இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதும் அந்த மனிதர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், காதைக் குடைந்தார். கடைசியில், "இந்த எழவெடுத்த ஊர்ல என்ன சார் இருக்கு? நீங்க எந்த ஊரு? உங்க ஊர் நல்லா இருக்குமாமே," என்றார். மிகவும் வற்புறுத்தியதில், பக்கத்தில் ஒரு பூங்கா இருப்பதாகவும், அதில் தண்ணீர் இருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டார். போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்றால், அவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

பூங்காவில் தண்ணீர் இருந்தது. எட்டு எருமை படுத்து எழுந்த மாதிரி ஒரு பச்சைக் குட்டை. நடுவில் துருப்பிடித்த குழாய் ஒன்று, வேலை போன சிப்பாய் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அதன் தலையில் ஒரு காக்கை. சிமெண்டு வாத்து ஒன்று மூக்கில்லாமல் கிடந்தது. அதையும் பார்ப்பதற்கு ஒரு குடும்பம் டிபன் பாக்சோடு வந்து, குட்டையைப் பின்னால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஊர் ஜனங்களைப் பற்றி லிப்டுக்காரருக்குக் குழியிலேயே ஒரு அபிப்பிராயம் இருந்தது. அது இப்போது உறுதிப்பட்டது.

"ஆட்டம் எங்கங்க?" என்றாள் மனைவி.

"ரிப்பேர்ல இருக்கு," என்றார். அது அவர் வாயில் தானாக வருகிற வார்த்தை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் எந்தப் பொருளும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ரிப்பேரில் இருக்கும். இல்லாமலே இருப்பது என்று ஒரு நிலை கிடையாது.

டிக்கு குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பென்சிலை நாக்கில் நனைத்துத் தாளில் 'நிலுவை' என்று எழுதினார்.

மீன் எங்கே என்று யாரிடம் கேட்பது? எதிரே வந்தவரைக் கேட்டார்கள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். நாலு பேர் கூடி, ஒருவர் வடக்கே கை காட்ட, ஒருவர் தெற்கே காட்ட, ஒரு பெரியவர் மேலே காட்டினார். ஒன்றரை மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்தது அலங்கார மீன் விற்கிற ஒரு சந்துக் கடை. பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன், தன் விதியை நினைத்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

டிக்கு ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணே, ஆள் உயரம்னீங்களே. எந்த ஆளு?"

பெரிய மீனை ஏற்றுமதி செய்துவிட்டிருப்பார்கள் என்றார் லிப்டுக்காரர். கடைக்காரர் நல்ல மனிதர், யாரும் கேட்காமலேயே, தான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மீன் இந்த ஊரில் இல்லை என்று சத்தியம் செய்தார். லிப்டுக்காரருக்கு அவரைப் பாட்டிலில் போட்டு மூட வேண்டும் போல இருந்தது. மறுபடியும் நிலுவை.

மெழுகு ஆள் கிடைத்ததுதான் ஆச்சரியம். நாற்காலிக் கடை மாடியில் வாடகைக்கு ஒரு கூடம் பிடித்து நிஜமாகவே மெழுகுப் பொம்மைக் கண்காட்சி போட்டிருந்தார்கள். லிப்டுக்காரர் தன் பொய் தன்னைத் தேடி வந்து காலில் விழுந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். அப்புறம் நெஞ்சு தானாக உள்ளே போயிற்று. முப்பது பொம்மை, முப்பதுக்கும் ஒரே மூக்கு. ஒரே அச்சில் வார்த்து, கிரீடம் வைத்தால் ராஜா, கண்ணாடி போட்டால் விஞ்ஞானி, மைக்கைக் கொடுத்தால் பாட்டுக்காரி. வெக்கையில் தளபதியின் மீசை வழிந்து தாடியாகியிருந்தது. ராணி இடுப்பில் கை வைத்திருந்தாள், அந்தக் கை அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. மூலையில் ஒரே ஒரு உருவம் மட்டும் தத்ரூபம். தொங்கின கன்னம், அரைக்கண், வாயோரம் எச்சில். மனைவி கிட்டே போய், "இதாங்க நல்லா இருக்கு," என்று உற்றுப் பார்த்தாள். அது கொட்டாவி விட்டு, "டிக்கெட்டைக் காட்டும்மா," என்றது.

"உயிருள்ள மாதிரி நிக்குறது இவரு ஒருத்தர்தான்," என்றார் டிக்கு. சரிபார்ப்பதில் நியாயம் தவறாதவர் என்பதால் அரை டிக் போட்டார்.

மணி நாலு. கால் கஞ்சியாகிவிட்டது. டிக்கு சோடா குடிக்கப் போன நேரத்தில் மனைவி ஒரு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் பேச்சு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. இப்போது தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இந்த ஊர்ல நீங்க எதையாவது பாத்திருக்கீங்களா?"

அவர் செருப்பு வாரைச் சரிசெய்தார். அது நன்றாகத்தான் இருந்தது.

"அவகிட்ட வீடு இருக்கு, வாசல் இருக்கு. என்கிட்ட இந்த ஊர் ஒண்ணுதாங்க இருந்துச்சு. அந்தத் தாளோட அவரு வீட்டுக்குப் போனா, இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் படியேறுவேன்?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. லிப்டுக்காரர் எழுந்து நின்றார். "உச்சி இருக்கில்ல. அது பொய்யில்ல. நான் நின்ன இடம். வா, ஊரையே காட்டுறேன்." சொல்லும்போது அவர் முழுசாக நம்பித்தான் சொன்னார்.

இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் முன்வாசலில் பளிங்குத் தரை, அதற்கு மேல் பளிங்கு முகத்தோடு ஒரு வரவேற்புப் பெண். உச்சிக்குப் போக வேண்டும் என்றதற்கு, எந்தக் கம்பெனி, யாரைப் பார்க்க வேண்டும், அனுமதி இருக்கிறதா என்று கேள்வியாக அடுக்கினாள். டிக்குவின் பென்சில் துள்ளியது. லிப்டுக்காரர் சட்டை செய்யாமல் இருவரையும் பின்பக்கம் அழைத்துப் போனார். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே இருந்த இரும்புக் கதவில் ஒரு காவலாளி எழுந்து நின்று, "வாங்க மாஸ்டர்," என்று சலாம் வைத்தார். டிக்குவின் முகம் ஒரு சுற்று சுருங்கியது. அந்த ஒரு சலாமில் லிப்டுக்காரர் அரையடி வளர்ந்தார்.

சரக்கு லிப்டில் இருபத்திரண்டு மாடி, அதற்கு மேல் இரும்பு ஏணிப்படி. மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினாள். லிப்டுக்காரர் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, மாப்பிள்ளையை மணமேடைக்கு அழைக்கிற மாதிரி கையை நீட்டி, "இதான்," என்றார்.

நாலு சுவர். கூரையில் ஒரு குழல் விளக்கு. எண்ணெய் நாற்றம். நடுவில் சாணி போட்டுப் படுத்த எருமை மாதிரி மோட்டார், அதன் தோளில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சக்கரம், சக்கரத்தில் வழிந்து தரை ஓட்டைக்குள் இறங்கும் ஆறு கம்பிக் கயிறு. மேலே கோழிக்கூட்டு வலை அடித்த ஒரு காற்றுத் துளை. அதன் வழியே புறாவின் எச்சம் தெரிந்தது, ஊர் தெரியவில்லை.

லிப்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் திரும்பினார். சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஜன்னல் இங்கதான..." என்றவர் நிறுத்திக்கொண்டார். எறும்பு, தீப்பெட்டி என்று பதினோரு வருஷம் சொல்லிச் சொல்லி, அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பதாக அவரே நம்பிவிட்டிருந்தார். இந்த ரூமுக்குள் நுழைந்தால் மோட்டாரைத் தவிர வேறெதையும் அவர் கண் பார்த்ததே கிடையாது. லிப்டுக்காரனுக்கு உச்சி என்றால் மோட்டார் ரூம். அதற்கு மேலே அவனுக்கு வேலையில்லை, அதனால் வானமும் இல்லை.

டிக்கு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு மோட்டாரே வெட்கப்பட்டிருக்கும். "கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டினானாம்னு சும்மாவா சொன்னாங்க? அக்கா, இந்த ரூமையா பதினோரு வருஷமா எங்க காதுல ஓட்டினீங்க?" தாளை எடுத்துச் சுவரில் வைத்து, பென்சிலை 'இல்லை' கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

அந்த நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். மோட்டாரின் பிரேக் பிடியை விட்டது. சக்கரம் சுழலத் தொடங்கியது. லிப்டுக்காரர் தலைகுனிந்து நின்ற நிலையிலேயே, பழக்கத்தில், "பன்னெண்டாவது மாடி. ரெண்டு பேரு. ஒருத்தன் குண்டன்," என்றார்.

மனைவி நிமிர்ந்தாள். "யாரு?"

கயிற்றைக் காட்டினார். ஒவ்வொரு மாடிக்கும் கயிற்றில் மஞ்சள் பெயிண்டில் ஒரு அடையாளம். எது பக்கத்து இரும்புச் சட்டத்துக்கு நேரே வந்து நிற்கிறதோ, கீழே லிப்டு அந்த மாடியில் நிற்கிறது. கனம் எவ்வளவு என்பதை மோட்டார் முனகுவதிலிருந்து சொல்லிவிடலாம். "இப்ப பாரு, கீழ போயிட்டு, பத்து நிமிஷத்துல ஒருத்தன் மட்டும் திரும்ப வருவான். அந்தக் குண்டன்தான். தினமும் எதையாவது மறந்துட்டுப் போவான். வர்ற வேகத்துல பட்டனை எட்டு தடவை அமுக்குவான். கேளு."

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஏழாவது மாடியில் லிப்டு நின்றது. கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்தது. லிப்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இது ஏழாவது மாடிப் பையன். கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். ஒன்பதாவது மாடிப் பொண்ணு படியில இறங்கி வரணும். வந்துட்டா. இனிமே பாரு, எல்லா மாடி பட்டனையும் அமுக்கி வெச்சு ஊர்கோலம் போவாங்க." சக்கரம் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று நகர்ந்தது. நாலாவதில் மட்டும் கதவு திறந்தும் நெடுநேரம் மூடவில்லை. "யாரோ ஏறிட்டாங்க," என்றார் அவர். "இப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையப் பாத்துட்டு நிப்பாங்க."

மனைவி ஏற்கெனவே கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம்?" என்றாள். காலையிலிருந்து வந்த முதல் அப்புறம் அது.

குண்டன் திரும்பி வந்தான். பட்டனை எட்டு தடவை அமுக்கிய சத்தம் சுவிட்சுப் பெட்டிக்குள் எட்டு தடவை கேட்டது.

டிக்குவுக்குப் பொறுக்கவில்லை. இதெல்லாம் சும்மா அளப்பு, நாம் இங்கே நின்றுகொண்டு யார் வந்தார் போனார் என்று எப்படிச் சரிபார்ப்பது என்றார். சரிபார்க்காமல் எதுவும் உண்மையாகாது என்பது அவர் கொள்கை.

"அப்ப நீங்களே போய்ப் பாருங்க தம்பி," என்றாள் மனைவி. "எந்த மாடிக்கு வேணும்னாலும் போங்க. தாள்ல குறிச்சு வெச்சுக்குங்க. இவரு இங்க இருந்து சொல்றதை நான் குறிச்சு வெக்கிறேன்."

உத்தியோகம் கிடைத்த சந்தோஷத்தில் டிக்கு பென்சிலோடு இறங்கிப் போனார்.

சக்கரம் சுழன்றது. "ஆறு," என்றார் லிப்டுக்காரர். "இறங்கல. கதவைத் திறந்து திறந்து மூடறாரு. நம்மள ஏமாத்தறாராம். இப்ப மூணு. இப்ப பதினெட்டு. நடுவுல யாரோ ஏறினாங்க, கனம் கூடிருக்கு. பாவம், அந்த ஆளு கீழ போகணும்னு நிக்கறாரு, நம்ம சகலை மேல இழுத்துட்டுப் போறாரு." மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினோரு வருஷமாகச் சொன்ன நீரூற்றுக்குக்கூட அவள் இப்படிச் சிரித்ததில்லை.

டிக்கு மூச்சிரைக்க ஏணிப்படி ஏறி வந்து தாளை ஒப்பிட்டார். ஒரு மாடி பிசகவில்லை. குருட்டாம்போக்கு என்றார். மறுபடி போனார். மறுபடியும் சரி. ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று மறுபடி போனார். கிணற்று வாளி மாதிரி பதினேழு தடவை ஏறி இறங்கினார். ஒரு தடவை அசையாமல் நின்று பார்த்தார், ஒரு தடவை ஓரமாகக் குந்திப் பார்த்தார், கனத்தை மறைப்பதற்காக மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்தாராம். பதினெட்டாவது தடவை கயிறு தரைத்தளத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"இறங்கிட்டாரு," என்றார் லிப்டுக்காரர். காதைச் சாய்த்தார். "இல்ல. இறக்கிட்டாங்க."

சுவரில் இருந்த போன் அடித்தது. கீழேயிருந்து பாதுகாப்பு அதிகாரி. ஒரு ஆள் ஒரு மணி நேரமாகப் பென்சிலும் தாளுமாக மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருக்கிறார், எந்த ஆபீசுக்கும் போகமாட்டேன் என்கிறார், யாராவது பேசினால் உஷ் என்கிறார், திருடனா பைத்தியமா என்று தெரியவில்லை, மாஸ்டருக்குத் தெரிந்தவரா?

லிப்டுக்காரர் ஒரு நொடி யோசித்தார். அந்த நொடியை அவர் தேனில் தொட்டு நக்கினார்.

கீழே பாதுகாப்பு அறையில் டிக்கு ஒரு ஸ்டூலில், நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தார். பையைத் துழாவியிருந்தார்கள். தாளில் இருந்த மாடி எண்களைப் பார்த்து இரண்டு காவலாளிகள் இது திருட்டுத் திட்டம்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவர் எவ்வளவோ விளக்கியிருக்கிறார். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்டால் திருடன் என்பதே கௌரவமாகத் தோன்றும்.

"நம்ம பொருள்தான்," என்றார் லிப்டுக்காரர். "லோடு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தோம். எடைக்கல் கொண்டு வரல. அதுக்குப் பதிலா இவரை ஏத்தி இறக்கினோம்."

அதிகாரி டிக்குவை மேலும் கீழும் பார்த்தார். எடை எவ்வளவு என்று கேட்டார். டிக்கு அதிகாரியையும் லிப்டுக்காரரையும் பார்த்துவிட்டு, "எழுபத்தெட்டு," என்றார். பதிவேட்டில் 'சோதனைக்குப் பயன்படுத்திய பொருள்' என்ற கட்டத்தில் அதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதினதுக்கு டிக் போட்ட மனிதர், அன்றைக்கு முதன்முதலாகத் தானே ஒரு பதிவேட்டில் ஏறினார், எடைக்கல்லாக. காவலாளி ஒருவர் பெருந்தன்மையோடு அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் ஒரு ஸ்டேஷன் தாண்டியதும் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி, "தம்பி, இன்னிக்கு நடந்தது எதையும் நான் என் தங்கச்சிகிட்ட சொல்லப் போறதில்ல," என்றாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் டிக்கு, "நானும்தான் அக்கா," என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மறுநாள் தங்கை வீட்டில், மாவுக்கட்டுக் கால் தலையணை மேல், டிக்கு கையில், தான் எழுதினதையெல்லாம் ரப்பரால் அழித்து வைத்திருந்த தாள். அக்கா ஆரம்பித்தாள். லிப்டுக்காரர் ஏதோ நாலு பொய் சொல்வாள் என்று நினைத்திருந்தார். அவள் அவிழ்த்துவிட்ட அண்டப்புளுகு ஆகாசப்புளுகைக் கேட்டு அவருக்கே மூச்சு நின்றது. நீரூற்று ஆடின ஆட்டத்தில் மேகம் நனைந்து மழை கொட்டியதாம். மீன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடியதாம். மெழுகு ராணி, "சாப்டியா?" என்று கேட்டாளாம். இப்படிப் பொய் சொன்னால் தொழில் என்னத்துக்கு ஆகும் என்று அவர் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தார். ஆனால் தங்கை வாயைப் பிளந்து கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். டிக்கு முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு டிக், டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போனார்.

"உச்சி?" என்றாள் தங்கை.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இதற்கு மட்டும் அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மேல நின்னா ஒவ்வொருத்தரும் எங்க போறாங்கன்னு தெரியும்டி. யாரு எதை மறந்துட்டுத் திரும்ப வர்றாங்க, யாரு யாருக்காகக் காத்திருக்காங்க, எல்லாம் தெரியும். உங்க அத்தான் முகத்தையே பாக்காம ஆளு குண்டா ஒல்லியான்னு சொல்லுவாரு. நானே பாத்தேன்."

தங்கை உதட்டைப் பிதுக்கினாள்.

"போக்கா. விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? நீரூற்று சொன்ன, நம்பினேன். மீனு கண்ணடிச்சுதுன்ன, அதையும் நம்பினேன். இருபத்திரண்டு மாடிக்கு மேல நின்னுட்டு எவன் குண்டன், எவன் மறதிக்காரன்னு சொல்றதுக்கு அத்தான் என்ன கடவுளா?" புருஷனிடம் திரும்பினாள். "ஏங்க, நீங்க சொல்லுங்க. அது நிஜமா?"

லிப்டுக்காரர் டிக்குவைப் பார்த்தார். உலகத்திலேயே அதைப் பதினேழு தடவை சரிபார்த்த ஒரே மனிதர். நிஜம் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பாள். எப்படி என்று ஆரம்பித்தால் அது எடைக்கல்லில்தான் போய் முடியும்.

டிக்கு பென்சிலை நாக்கில் நனைத்தார். உச்சிக்கு எதிரே, இரண்டாவது கட்டத்தில், 'இல்லை' என்று அழுத்தமாக ஒரு டிக் போட்டுத் தாளைத் தன் மனைவியிடம் கொடுத்தார்.